அம்பலும் அலரும் அச்செழுத்தும்: டியூக் அணியின் கதை

அகப்பாடல்களை வகுப்பில் நடத்தும்போது மாணவர் பெரும்பாலும் குழம்பும் இடம் ஒன்றுண்டு. அம்பலும் அலரும் ஒன்றுதானே, ஊரார் பேச்சைத்தானே இரண்டும் குறிக்கின்றன என்பார்கள். உரையாசிரியர்கள் அவ்வாறு கொள்ளவில்லை. சொல்லாக வெளிப்படாமல், பெண்டிர் ஒருவரை ஒருவர் நோக்கி முறுவலிக்கும் அளவில் அரும்பி நிற்பது அம்பல். இன்னானுக்கும் இன்னாளுக்கும் இது என்று பெயர் சுட்டி வாய்திறந்து பேசுவது அலர். அரும்புக்கும் மலருக்கும் உள்ள வேறுபாடு. அரும்பு மலர்ந்தபின் அதனை மீண்டும் அரும்பாக்குதல் யாராலும் இயலாது.

இந்த இலக்கணத்தை நாம் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டு வருகிறோம். ஆயினும் அம்பல் அலராகும் அந்த ஒரு கணத்தை, நாள் குறித்து, மணி குறித்துக் காட்டக்கூடிய வரலாற்று நிகழ்ச்சி ஒன்றைப் படிக்க நேர்ந்தபோதுதான் அதன் கனம் நமக்கு விளங்கிற்று. அது தமிழகத்தில் நிகழ்ந்ததன்று. அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் டர்ஹம் நகரிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில், 2006-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் நிகழ்ந்தது. அங்கே அலர் தூற்றியவர்கள் கிணற்றடிப் பெண்டிர் அல்லர். நாளிதழ்களும் வார இதழ்களும் தொலைக்காட்சிகளும். அவற்றோடு, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, நம்மைப் போன்ற கல்லூரி ஆசிரியர்களும்.

ஊரும் அணியும்

டியூக் பல்கலைக்கழகம் புகையிலைச் செல்வத்தில் வளர்ந்தது. டிரினிட்டி கல்லூரி என்று வழங்கிவந்த நிறுவனம், 1924-இல் ஜேம்ஸ் டியூக் என்னும் புகையிலை வணிகர் அளித்த பெருங்கொடையை அடுத்து அவர் குடும்பப் பெயரைச் சூடிக்கொண்டது. இன்று அது பெருஞ்செலவு பிடிக்கும் தனியார் பல்கலைக்கழகம். மாணவர் பலர் வசதி படைத்த குடும்பத்தினர். அதைச் சுற்றியுள்ள டர்ஹமோ உழைப்பாளர் ஊராக வளர்ந்தது. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அவ்வூர் மக்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் கறுப்பினத்தவர். சில கல் தொலைவிலேயே வட கரோலினா மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கறுப்பின மாணவருக்கென்று தோன்றி, பின்னர் அரசு நிறுவனமாக ஆனது அது. இரண்டு பல்கலைக்கழகங்கள், ஓர் ஊர், இரண்டு உலகங்கள்.

லக்ராஸ் என்பது நம் வாசகர் பலர் பார்த்திராத ஆட்டம். வட அமெரிக்கப் பழங்குடியினரிடமிருந்து வந்தது. நுனியில் வலை கட்டிய கோலால் பந்தை ஏந்தியும் எறிந்தும் ஆடுவது. ஆடவர் ஆட்டத்தில் அணிக்குப் பத்துப் பேர் களத்தில் நிற்பர். பழங்குடியினரின் ஆட்டம் காலப்போக்கில் அமெரிக்க வடகிழக்கு மாநிலங்களின் செல்வந்தர் பள்ளிகளுக்குச் சொந்தமாகிவிட்டது என்பது வரலாற்றின் நகைமுரண்களுள் ஒன்று. டியூக்கின் ஆடவர் அணி 2005-இல் தேசிய இறுதியாட்டம் வரை சென்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அணியிடம் ஒரே கோல் வேறுபாட்டில் தோற்றது. அடுத்த ஆண்டு கோப்பை நமதே என்னும் நம்பிக்கையோடு இருந்த அணி அது. வீரர்கள் 47 பேர். ஒருவரைத் தவிர அனைவரும் வெள்ளையர்.

2006 மார்ச் 13-ஆம் நாள் இரவு, அணித்தலைவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒரு விருந்து நடந்தது. மது பெருகியோடிய விருந்து. பணம் கொடுத்து நடனப் பெண்கள் இருவரை வரவழைத்திருந்தனர். அவ்விருவருள் ஒருவர் முன்சொன்ன மத்தியப் பல்கலைக்கழகத்தின் மாணவி; கறுப்பினத்தவர்; குழந்தைகளுக்குத் தாய். நடனம் தொடங்கிய சில நிமிடங்களில் நின்றது, வாய்ச்சண்டை மூண்டது, இனத்தைச் சுட்டும் இழிசொல்லும் அங்கே எறியப்பட்டது. அன்றிரவே அம்மாணவி, அவ்வீட்டுக் குளியலறையில் மூவர் தம்மை வன்புணர்ந்ததாகக் கூறினார்.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுதல் நன்று. அவ்விருந்து பெருமைப்படத்தக்கது என்று எவரும் வாதிட்டதில்லை, நாமும் வாதிடவில்லை. அத்தகைய புகார் ஒன்று எழுந்தால் காவல் துறை அதனை முழுமையாக விசாரித்தே தீரவேண்டும் என்பதிலும் ஐயமில்லை. நம் அக்கறை, விசாரணைக்கும் தீர்ப்புக்கும் இடையே இருந்திருக்கவேண்டிய வெளியை எது விழுங்கியது என்பதில்தான்.

மார்ச் 25

புகாரின் மூன்றாம் நாள், மார்ச் 16 அன்று, அவ்வீட்டில் குடியிருந்த அணித்தலைவர்கள் மூவரும் காவல் துறைக்குத் தாமாகவே வாக்குமூலம் அளித்தனர். மரபணுச் சோதனைக்கு மாதிரிகளும் தந்தனர். இது அந்நாளில் பொதுமக்களுக்குத் தெரியாது. மார்ச் 23-ஆம் நாள் அணியின் வெள்ளை வீரர்கள் 46 பேரும் மரபணு மாதிரி தரவேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. இது மறுநாளே ஊரறிந்த செய்தியாயிற்று. அம்பல் அரும்பியது அப்போதுதான்.

மார்ச் 25, சனிக்கிழமை. அம்மாநிலத் தலைநகரான ராலேயிலிருந்து வெளிவரும் 'நியூஸ் அண்ட் அப்சர்வர்' நாளிதழ் அப்பெண்ணின் நேர்காணலை வெளியிட்டது. அவர் பெயரை மறைத்தது. அது சரியான மரபே. அதன் தலைப்பைத் தமிழில் ஏறத்தாழ இப்படிச் சொல்லலாம்: தான் பட்ட கொடுமையை நடனப் பெண் விவரிக்கிறார்.

ஒரு தமிழாசிரியன் இத்தலைப்பைக் கண்டால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இலக்கணக் கேள்விதான். 'விவரித்தல்' என்னும் வினை எதை வேண்டி நிற்கிறது? உள்ள ஒன்றைத்தான் விவரிக்க முடியும். 'குற்றம் சாட்டுகிறார்' என்றால் நடந்ததா இல்லையா என்னும் கேள்வி திறந்தே நிற்கும். 'விவரிக்கிறார்' என்றவுடன் அக்கேள்விக்குக் கதவு அடைபட்டுவிடுகிறது. 'கொடுமை' என்ற பெயர்ச்சொல் அக்கதவுக்குத் தாழும் இட்டுவிடுகிறது. பொய் என்று சுட்டிக்காட்டத்தக்க ஒரு சொல்கூட அத்தலைப்பில் இல்லை. ஆயினும் தீர்ப்பு அதனுள் எழுதப்பட்டாயிற்று.

நம் மொழியில் இதற்கென்றே ஓர் இடைச்சொல் இருக்கிறது. 'வந்தான்' என்பதற்கும் 'வந்தானாம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளிக்கூடம் செல்லாத பாட்டியும் அறிவாள். நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன், உண்மைக்கு நான் பொறுப்பில்லை என்னும் இத்தனையையும் அந்த 'ஆம்' ஒன்றே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் இத்தகைய ஈறு கிடையாது. 'சொல்லப்படும்', 'கூறப்படும்' என்ற பொருளில் தனிச்சொல் ஒன்றைச் சேர்க்கவேண்டும். தலைப்பில் இடம் குறைவு என்று முதலில் உதிர்வது அந்தச் சொல்தான். அமெரிக்க நாளிதழ்களில் தலைப்பை எழுதுபவர் பெரும்பாலும் செய்தியாளர் அல்லர். இரவில் பக்கம் முடிக்கும் அவசரத்தில் இருக்கும் துணையாசிரியர். செய்தியின் உள்ளே இருக்கும் 'ஆம்' தலைப்பில் இல்லாமற்போவதற்கு வஞ்சகம் தேவையில்லை. இடநெருக்கடியும் அவசரமும் போதும்.

அதே மார்ச் 25 அன்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக அணியோடு நடக்கவிருந்த ஆட்டம் நடைபெறவில்லை. மறுநாள் அவ்வீட்டின்முன் மக்கள் கூடிப் பாத்திரங்களைத் தட்டி ஆரவாரம் செய்தனர். வீரர்களின் முகப்படங்களை வரிசையாக அச்சிட்ட சுவரொட்டிகள் வளாகத்தில் ஒட்டப்பட்டன. தேடப்படும் குற்றவாளிகளுக்குக் காவல் துறை ஒட்டுவதைப் போன்றவை. அவற்றில் முகம் இருந்த பலர் குற்றச்சாட்டில் சம்பந்தப்படாதவர். யார்மீதும் அப்போது வழக்கே பதிவாகியிருக்கவில்லை. 'வீரர் ஒருவர்' என்பது போய் 'டியூக் லக்ராஸ்' என்பதே குற்றத்தின் பெயராயிற்று.

விளையாட்டுப் பக்கத்தின் நீதி

மாவட்ட அரசு வழக்கறிஞர் மைக் நைஃபாங் இச்சமயத்தில்தான் களத்துக்கு வருகிறார். அப்பதவிக்கு முன்னர் நியமனம் பெற்றிருந்த அவர், மே 2-ஆம் நாள் கட்சித் தேர்தலில் வாக்காளரை முதன்முறையாக எதிர்கொள்ளவேண்டியிருந்தது. சில நாட்களுக்குள் எண்ணற்ற நேர்காணல்களை அளித்தார். குற்றம் நடந்தது உறுதி என்றார். வீரர்கள் ஒருவரை ஒருவர் மறைக்கிறார்கள் என்றார். அரசு வழக்கறிஞரே சொன்னபின் ஐயத்துக்கு இடமேது? செய்தித்தாள்கள் மௌனச் சுவர் என்றொரு தொடரைப் பிடித்துக்கொண்டன. மார்ச் இறுதியில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் விளையாட்டுப் பக்கப் பத்தியாளர் செலினா ராபர்ட்ஸ், மனச்சான்றைக் கைவிட்டுச் சகாக்களின் அழுத்தத்துக்குப் பணிந்த கூட்டமாக அவ்வணியைச் சித்திரித்தார். வாக்குமூலமும் மாதிரியும் தாமாகவே கொடுத்த அணித்தலைவர்களின் செய்தி அந்தச் சுவருக்குள் புகவில்லை.

விளையாட்டுப் பக்கத்துக்கென்று ஒரு மொழி உண்டு. வென்றவன், தோற்றவன், வீரன், துரோகி என்று இருமையிலேயே இயங்குவது அம்மொழி. நேற்று மாலை முடிந்த ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது அது பொருந்தும். ஆட்டத்துக்கு முடிவு உண்டு, பலகையில் எண் உண்டு. வழக்குக்கோ விசாரணை முடியும்வரை எண் கிடையாது. ஆட்டத்தின் மொழியை வழக்கின்மேல் போர்த்தும்போது, முடியாத ஒன்றுக்கு முடிவு எழுதவேண்டியதாகிறது. அணி என்பதும் அங்கே தனித்தனி ஆட்களாகத் தெரிவதில்லை. ஒருவர் அடித்தால் அணி அடித்தது. ஒருவர் தவறினால் அணி தவறிற்று. களத்தில் பெருமையாக இருக்கும் இந்தக் கூட்டுப்பெயர், பழி வருகையில் 47 பேரையும் ஒரே கயிற்றால் கட்டிவிட்டது.

ஏப்ரல் 5-ஆம் நாள் அவ்வாண்டின் எஞ்சிய ஆட்டங்கள் அனைத்தையும் பல்கலைக்கழகம் கைவிட்டது. பதினாறு ஆண்டுகளாகப் பயிற்சியாளராக இருந்த மைக் பிரஸ்லர் அன்றே பதவி விலக நேர்ந்தது. ஐந்து நாட்கள் கழித்து, ஏப்ரல் 10 அன்று, மரபணுச் சோதனையின் முடிவு வெளிவந்தது. வீரர் எவருடைய மரபணுவும் பொருந்தவில்லை. ஆயினும் அம்மாதமே இருவர்மீதும், மே 15 அன்று மூன்றாமவர்மீதும் வழக்குத் தொடரப்பட்டது. மூன்றாமவர் அதற்கு முந்தைய நாள்தான் பட்டம் பெற்றிருந்தார். மே 1 நாளிட்ட 'நியூஸ்வீக்' வார இதழ், கைதான இருவரின் காவல்நிலைய முகப்படங்களை அட்டையில் போட்டது. அவ்விருவருள் ஒருவர் குறித்த நேரத்தில் அவ்வீட்டில் இல்லை என்பதற்கு வாடகைக் கார், வங்கித் தானியங்கியின் படம், விடுதிக் கதவின் அட்டைப் பதிவு எனச் சான்றுகள் இருந்தன. அட்டைப்படம் பார்த்தவர் தொகையோடு ஒப்பிட்டால் அச்சான்றுகளைப் படித்தவர் தொகை மிகச் சிறிதாகத்தான் இருந்திருக்கும்.

அதே மே 1 அன்று இன்னொரு ஆவணமும் வெளிவந்தது. டியூக் சட்டப் பேராசிரியர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான குழு, அவ்வணியின் ஐந்தாண்டு நடத்தையை ஆராய்ந்து அறிக்கை தந்தது. வீரர்கள் அளவுமீறிக் குடிக்கிறார்கள், அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தருகிறார்கள், பல்கலைக்கழகம் கண்டும் காணாமல் இருந்தது என்று அவ்வறிக்கை ஒளிவுமறைவின்றிச் சொல்லியது. இனவெறியோ பெண்களை இழிவாக நடத்தும் வழக்கமோ அவ்வணிக்கு இருந்ததற்குச் சான்று இல்லை, படிப்பில் அவர்கள் தேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லியது. கோல்மன் கறுப்பினத்தவர், எவர் பக்கமும் சாயவேண்டிய கட்டாயம் இல்லாதவர். அந்த அணியின் உண்மையான மதிப்பீடு அவ்வறிக்கைதான்: நல்லதும் தீயதும் கலந்தது, மனிதரைப்போல. தலைப்பாக்க அது தோதுப்படவில்லை.

மே மாத இறுதியில் டியூக்கின் மகளிர் லக்ராஸ் அணி தேசிய அரையிறுதி ஆட்டத்துக்குச் சென்றபோது, ஆடவர் அணியினர் குற்றமற்றவர் என்னும் தம் நம்பிக்கையைத் தெரிவிக்கும் கைப்பட்டைகளை அணிய முடிவு செய்தது. விளையாட்டுப் பத்தியாளர் சிலர் அதற்கும் அவர்களைக் கண்டித்தனர். அலர், அண்டை வீட்டையும் விடுவதில்லை.

எண்பத்தெட்டுக் கையொப்பங்கள்

இனி நமக்கு நெருடலான பகுதிக்கு வருவோம்.

ஏப்ரல் 6-ஆம் நாள், டியூக் மாணவர் நாளிதழில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதனை ஆதரித்தவர்கள் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 88 பேர். மனிதவியல் துறையினர் அதில் மிகுதி. வளாகத்தில் கறுப்பின மாணவரும் பெண்களும் அன்றாடம் உணரும் அச்சத்தையும் அவமதிப்பையும் பற்றி மாணவர்கள் சொன்னவற்றை அது தொகுத்தது. காவல் துறை என்ன சொன்னாலும் நீதிமன்றம் என்ன முடிவெடுத்தாலும் இத்துயரம் முடிவதில்லை என்ற கருத்தையும், குரலெழுப்பிய போராட்டக்காரர்களுக்கு நன்றியையும் அது தெரிவித்தது. வீரர்கள் குற்றவாளிகள் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை என்று கையொப்பமிட்டோர் பின்னர் விளக்கினர். சொற்படி அது உண்மை. ஆனால் சுவரொட்டிகள் ஒட்டப்பட்ட வாரத்தில், அணியின் எஞ்சிய ஆட்டங்கள் கைவிடப்பட்டதன் மறுநாளில், அது வேறெப்படிப் படிக்கப்படும்? சொல்லாது உணர்த்தும் உள்ளுறையையும் இறைச்சியையும் பாடம் நடத்துகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பல்கலைக்கழகத் தலைவர் ரிச்சர்ட் பிராட்ஹெட்டும் இலக்கியப் பேராசிரியராக இருந்து வந்தவரே.

இவ்விளம்பரத்தைப் படித்தபோது, அவ்வாரம் அவ்வளாகத்தில் இருந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம் என்று எண்ணிப் பார்த்தோம். கையொப்பமிட்டிருப்போம் என்றே தோன்றுகிறது. ஒடுக்கப்பட்டோர் குரலை இலக்கியத்தில் தேடித் தேடிப் படிப்பிக்கிறவர்கள் நாம். வறிய கறுப்பினப் பெண் ஒருத்தி ஒருபுறம், செல்வச் செருக்குள்ள வெள்ளை இளைஞர் கூட்டம் மறுபுறம் என்று ஒருவர் தாளை நீட்டினால், மரபணு முடிவு வரட்டும் என்று சொல்லும் பொறுமை நமக்கு இருந்திருக்குமா? அந்தக் கதையை நாம் முன்பே பலமுறை படித்திருக்கிறோம்; பல தருணங்களில் அது உண்மையாகவும் இருந்திருக்கிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் வரலாற்றை அறிந்தவர் எவரும் அதை மறுக்கமாட்டார். பல நூறு முறை உண்மையான கதை, இம்முறையும் உண்மையாகத்தான் இருக்கவேண்டும் என்று கொண்டதே பிழை.

இதனை ஒருவர் ஒப்புக்கொண்டார். 'நியூஸ்வீக்' இதழின் ஈவன் தாமஸ், வழக்கு முடிந்தபின் 2007-இல் இதழியல் ஆய்வேடு ஒன்றுக்குச் சொன்னதன் சாரம் இது: கதை சரியாகத்தான் இருந்தது, தகவல்கள்தாம் தவறிவிட்டன. பலர் இதைக் கேட்டு நகைத்தனர். நமக்கு நகைக்கத் தோன்றவில்லை. புனைகதைக்கு அது நியாயமான இலக்கணம். நிகழாத நிகழ்ச்சிகளால் நிகழ்கின்ற உண்மையைச் சொல்வதுதானே புனைகதை? அந்த உரிமையைச் செய்தி எடுத்துக்கொண்டால், அதில் பாத்திரங்களாக ஆக்கப்படுகிறவர்கள் உயிரும் பெயரும் உள்ள மனிதர்கள்.

கதவு திறந்தபின்

வழக்கு சிதைந்த விதம் சுருக்கமாகச் சொல்லத்தக்கது. முதல் தலைப்பை வெளியிட்ட அதே நாளிதழின் செய்தியாளர் ஜோசப் நெஃப், அரசுத் தரப்பின் ஓட்டைகளைத் தொடர்ந்து வெளிக்கொணர்ந்தார் என்பதை நன்றியோடு குறிப்பிடவேண்டும். 2006 அக்டோபரில் 'சிக்ஸ்டி மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எட் பிராட்லி மறுதரப்பை நாடறியச் செய்தார். டிசம்பர் 15 அன்று ஆய்வகத் தலைவர் நீதிமன்றத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார்: வேறு ஆடவர்களின் மரபணுத் தடயம் கிடைத்தும், அதனை அறிக்கையில் சேர்க்காமல் விடுவதென அரசு வழக்கறிஞரோடு பேசி முடிவு செய்திருந்தார். ஒரு வாரத்தில் வன்புணர்வுக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. எஞ்சியவை மாநிலத் தலைமை வழக்கறிஞர் ராய் கூப்பரின் கைக்குச் சென்றன. 2007 ஏப்ரல் 11-ஆம் நாள் அவர் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் தள்ளினார். சான்று போதவில்லை என்று வழக்கமாகச் சொல்வதோடு நில்லாமல், மூவரும் குற்றமற்றவர் என்றே அறிவித்தார். நைஃபாங் அவ்வாண்டு ஜூன் மாதம் வழக்கறிஞர் தொழிலிலிருந்து நீக்கப்பட்டார். நீதிமன்ற அவமதிப்புக்காக ஒருநாள் சிறையும் இருந்தார். செப்டம்பரில் பிராட்ஹெட் பொதுமேடையில் வருத்தம் தெரிவித்தார்.

அவ்வார வரலாற்றில் இன்னொன்றும் நிகழ்ந்தது. ஏப்ரல் 3 அன்று ரட்கர்ஸ் பல்கலைக்கழக மகளிர் கூடைப்பந்து அணி தேசிய இறுதியாட்டத்தில் டென்னசி அணியிடம் தோற்றது. மறுநாள் டான் ஐமஸ் என்னும் வானொலியாளர் அவ்வணியினரை இனத்தையும் பெண்மையையும் சேர்த்து இழித்துப் பேசினார். கூப்பர் தம் முடிவை அறிவித்த அதே ஏப்ரல் 11 அன்று ஒரு தொலைக்காட்சி நிறுவனம் ஐமஸின் ஒளிபரப்பை நிறுத்தியது. மறுநாள் வானொலி நிறுவனமும் அவரை நீக்கியது. நீதி விரைந்து கிடைத்தது என்று மகிழலாம். ஆயினும் அந்நாட்களில் கண்டிக்கும் பொருட்டே அவ்விழிசொல் எத்தனை முறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டது! யாரும் எதிர்பாராமல் இறுதியாட்டம் வரை வந்த அப்பெண்களின் ஆட்டத்தைச் சொல்ல எத்தனை வரி கிடைத்தது? செல்வந்த வெள்ளை இளைஞரானாலும் கறுப்பினப் பெண்களானாலும், கல்லூரி அணி ஒன்றின் பெயரைப் பிறர் எடுத்துக்கொள்வது எளிது என்பதற்கு அவ்வொரு வாரமே சாட்சி. ஆட வந்த பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் நாட்டின் இனவரலாறு முழுவதற்கும் உவமையாக நிற்கவேண்டியவர்கள் ஆயினர்.

டியூக் அணி 2007-இல் மீண்டும் களமிறங்கியது. புதிய பயிற்சியாளர் ஜான் டனோவ்ஸ்கி. மே மாத இறுதியாட்டத்தில் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அணியிடம் 12-11 என்று மீண்டும் ஒரே கோலில் தோற்றது. இழந்த பருவத்துக்கு ஈடாக, 2006 அணியில் எஞ்சியிருந்தோருக்கு ஓராண்டு கூடுதலாக ஆட அனுமதி கிடைத்தது. 2010-இல் நோட்ர டேம் அணியை 6-5 என்று கூடுதல் நேரத்தில் வென்று முதல் தேசியக் கோப்பையைப் பெற்றது. 2013-இலும் 2014-இலும் மீண்டும் வென்றது. பிரஸ்லர் ரோட் தீவு மாநிலத்திலுள்ள பிரையன்ட் என்னும் சிறிய பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளரானார். 2010-இல் அவர் பயிற்றிய அமெரிக்க அணி உலகக் கோப்பையை வென்றது. களம் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது எனலாம்.

பெயரின் கணக்கு அவ்வளவு எளிதில் தீரவில்லை. 'டியூக் லக்ராஸ்' என்றால் மூன்று கோப்பைகளை நினைப்பவரைவிட அந்த வழக்கை நினைப்பவரே இன்றும் மிகுதி. பத்தாண்டு கழித்து, 2016 மார்ச் 13 அன்று, இஎஸ்பிஎன் தொலைக்காட்சி இதுபற்றி ஓர் ஆவணப்படம் வெளியிட்டது. அணியை விடுவித்துப் பேசும் படமும் அவ்வணியை அவ்விரவோடு மீண்டும் ஒருமுறை கட்டத்தான் செய்தது. 2024 டிசம்பரில், குற்றம் சாட்டிய பெண், வேறொரு வழக்கில் சிறையிலிருந்தபடி அளித்த நேர்காணலில், தாம் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு வருந்தினார். பதினெட்டு ஆண்டுகள் சென்றிருந்தன. அப்பெண்ணை இகழ்வதும் நம் நோக்கமன்று. 2007-லேயே கூப்பர் அவர்மீது வழக்குத் தொடராமல் விட்டார். தாம் சொன்ன பல கதைகளை அவரே நம்பியிருக்கக்கூடும் என்று விசாரணையாளர் கருதினர். விசாரிக்க வேண்டியவர்கள் விசாரித்திருந்தால் அவரும் இவ்வளவு பெரிய பழியின் நடுவில் நின்றிருக்கமாட்டார். உண்மையாகவே துன்புற்று நாளை காவல் நிலையப் படியேறும் பெண்ணுக்கு, இவ்வழக்கைச் சொல்லிக் காட்டி ஐயுறுவோர் பெருகியதும் இதன் விளைவுதான். ஆராயாத நம்பிக்கை, ஆராயாத ஐயத்துக்கே வழிவிட்டது.

திரும்பவும் அலர்

அகமரபில் அலருக்கு ஒரு நற்பயனும் உண்டு. திருக்குறளில் அலர் அறிவுறுத்தல் என்றோர் அதிகாரமே இருக்கிறது. அங்கே காதலர் ஊரலரை வெறுப்பதில்லை. அலர் காதலை வளர்க்கிறது, வரைவை விரைவுபடுத்துகிறது. அது பொருந்துவதற்கு ஒரே காரணம், அலருக்கு அடியில் உண்மை இருப்பது. தலைவியும் தலைவனும் காதலிப்பது மெய். ஊர் கொச்சையாகச் சொன்னாலும் உள்ளதைச் சொல்கிறது. வேரில்லாத மலரைப் பற்றி அகமரபு பேசவில்லை. அதனை நாம் பேசவேண்டியிருக்கிறது.

கடந்த பருவத்தில் அம்பலையும் அலரையும் நடத்தி முடித்தபின், இந்த டியூக் கதையை வகுப்பில் சொன்னோம். பிறகு அந்த மார்ச் 25 தலைப்பைக் கரும்பலகையில் எழுதி, அதைத் திருத்துங்கள் என்றோம். பலரும் நீண்ட வாக்கியங்களாக எழுதினர். கடைசி வரிசை மாணவி ஒருத்தி எழுந்து வந்தாள். ஒரு சொல்லையும் அழிக்கவில்லை. 'கொடுமையை' என்பதை 'கொடுமையாம்' என்று மாற்றி, அதன்பின் 'என' என்று ஒரு சிறு சொல்லைச் சேர்த்துவிட்டுப் போய் அமர்ந்தாள்.

பலகையில் இடம் போதுமானதாகவே இருந்தது.